ஐந்து வருடப் பவளத் தொட்டி: பாறை அடுக்கில் நான் மாற்றியதும் மாற்ற முடியாததும்

என் கடல்நீர்த் தொட்டிக்கு இப்போது ஐந்து வயது. நீளம் 120, அகலம் 60, உயரம் 50 சென்டிமீட்டர். அதாவது 360 லிட்டர் கொள்ளளவு. விளக்கு, ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி), பம்ப் எல்லாவற்றையும் இடையில் மாற்றியிருக்கிறேன், ஒரு மாலை வேலைதான். பாறை அடுக்கு அப்படியில்லை. பவளம் பிடித்து வளர்ந்த பிறகு அதில் கை வைப்பது, குடியிருக்கும் வீட்டின் அஸ்திவாரத்தைத் தோண்டுவது மாதிரி. நான் ஒரு முறை தோண்டியிருக்கிறேன்.

முதல் அடுக்குக்கு 35 கிலோ பாறை. பின்கண்ணாடியில் சாய்த்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மதில் மாதிரி கட்டினேன். பார்க்க நிறைவாகத்தான் இருந்தது. ஒரு வருடம் கழித்து, தண்ணீரில் கழிவு மக்குவதால் சேரும் நைட்ரேட் ஏறத் தொடங்கியது. எவ்வளவு தண்ணீர் மாற்றினாலும் 40 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 40 பங்கு) கீழே இறங்கவில்லை. பதினெட்டாவது மாதம், வலது ஓரப் பாறை ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். பாறைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விரல் தடிமனுக்குப் பழுப்பு வண்டல்: மீன் கழிவு, தின்னாத தீனி, மக்கிய பாசி. தூக்கிய வேகத்தில் எதிர்க்கண்ணாடி தெரியாத அளவுக்குத் தண்ணீர் கலங்கிவிட்டது. பம்பின் ஓட்டம் அந்த இடுக்குக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை.

சரி, பிரித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். தொட்டித் தண்ணீரையே டப்பாக்களில் எடுத்து, ஹீட்டரும் சிறிய பம்பும் போட்டு, பாறைகளை அதில் வைத்தேன். சோவாந்திட் (பவளத்துக்கு உறவான, பூப்போன்ற உயிரி) ஒட்டிய பாறையைத் தொடும்போது மட்டும் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம் போடுங்கள். சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. சுடுநீர் ஊற்றிச் சுத்தம் செய்யும் யோசனையே வேண்டாம், ஆவியோடு அது மூச்சில் போகும்.

இரண்டாவது அடுக்குக்கு 18 கிலோ போதுமாக இருந்தது. அட்டையில் தொட்டியின் அளவை வரைந்து, அதே உயரமுள்ள மாற்றுக் கற்களைத் தரையில் அடுக்கி ஒரு வாரம் பார்த்தேன். இடப்பக்கம் பெரிய தீவு, வலப்பக்கம் சிறியது, நடுவில் இரண்டு சாண் அகலத்துக்குப் பள்ளத்தாக்கு. நான்கு பக்கமும் கண்ணாடியிலிருந்து 7 சென்டிமீட்டர் இடைவெளி. காந்தத் துடைப்பான் தாராளமாகப் போகும், வண்டல் தங்காது. பாறைகளை மணல்மேல் வைக்காமல் அடிக்கண்ணாடியில் நிறுத்தி, பிறகுதான் மணல் கொட்டினேன். பிஸ்டல் இறால் மணலுக்குள் ஓயாமல் சுரங்கம் தோண்டும், கோபி மீன் அதில் ஜோடியாகக் குடியிருக்கும். மணலை நம்பி நிற்கும் பாறை ஒருநாள் சரியும். மூட்டுகளுக்கு எபாக்ஸியும் ஜெல் வகை சூப்பர் குளூவும். உளியால் பிளந்த வெள்ளைப் பகுதிகள் முதலில் பழுப்பாகி, பிறகு பச்சையாகி, எட்டு மாதத்தில் கோரலைன் என்ற சுண்ணாம்புப் பாசி படர்ந்து ஊதா நிறத்துக்கு வந்தன. நைட்ரேட் இப்போது 10 பிபிஎம் பக்கம் நிற்கிறது.

எந்தப் பவளத்தை எங்கே வைப்பது என்பதற்கு, இரவல் வாங்கிய பார் மீட்டர் (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் கருவி) ரொம்ப உதவியது. மேல்தட்டில் 320, நடுவில் 150, மணலில் 80, பாறை வளைவின் நிழலில் 40. அக்ரோபோரா பவளம் மேலே, ஹேமர் பவளம் நடுவில், மஷ்ரூம் பவளம் நிழலில் என்று இடம் தானாக அமைந்துவிட்டது.

ஆனால் வெளிச்சம் பொருந்தினால் மட்டும் போதாது. பழைய அடுக்கில் ஓர் அக்ரோபோராவின் ஒரு பக்கம் தினமும் கொஞ்சம் வெளுத்துக்கொண்டே வந்தது. தண்ணீரில் எல்லாம் சரியாக இருந்தது. ஒருநாள் நள்ளிரவில் கைவிளக்கோடு உட்கார்ந்து பார்த்தேன். பகலில் குட்டையான பூக்கள் போல இருக்கும் கேலக்ஸியா பவளம், கண்ணாடி நூல் போன்ற கொட்டும் இழைகளை ஒரு சாண் நீளத்துக்கு விட்டிருந்தது. பம்பின் ஓட்டத்தில் அவை மிதந்து போய் அக்ரோபோராவைத் தொட்டுத் தொட்டு மீண்டன. அன்றிலிருந்து இடைவெளியை ஓட்டத்தின் திசையில்தான் அளக்கிறேன். ஓட்டம் போகும் பக்கம் ஒரு சாணுக்கு மேல் காலியாக விடுவேன். ஹேமரும் அதன் உறவான ஃப்ராக்ஸ்பான் பவளமும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் ஒத்துப்போகும். டார்ச் பவளத்தை அவற்றோடு சேர்க்க மாட்டேன்.

கிரீன் ஸ்டார் பாலிப் என்ற படரும் பவளத்தை வாங்கினால், மணலில் தனிக் கல் கொடுங்கள். முதல் அடுக்கில் அது முதன்மைப் பாறையைப் பாய் விரித்ததுபோல மூடிக்கொண்டது. உரித்தாலும் மிச்சத்திலிருந்து மறுபடி வந்தது.

இப்போதைய அடுக்கிலும் ஒரு பெரிய தவறு இருக்கிறது. இடத் தீவின் உச்சி நீர்மட்டத்துக்கு 12 சென்டிமீட்டர் கீழேதான். கட்டை விரல் அளவில் ஒட்டிய அக்ரோபோரா மூன்றரை வருடத்தில் நீர்மட்டத்தைத் தொட்டுவிட்டது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நுனி வெட்டுகிறேன், வெட்டும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. மறுபடி கட்டினால் தொட்டி உயரத்தில் பாதியோடு நிறுத்திவிடுவேன். தட்டு மாண்டிபோரா பவளமும் குடைபோல விரிந்து கீழே இருந்ததை இருட்டாக்கியது, அதை நகர்த்த வேண்டியதாயிற்று.

நடுப் பள்ளத்தாக்கில் இப்போது ஒரு சாண்தான் மிச்சம். விளக்கு நீலத்துக்கு மாறும் நேரத்தில் மஞ்சள் டேங் மீன் அதன் வழியாகத்தான் இந்தத் தீவிலிருந்து அந்தத் தீவுக்குப் போகிறது, இரண்டு பக்கமும் ஹேமர் இழைகள் அதன் துடுப்பை உரசாத அளவுக்கு இடம் இருக்கிறது. போன வாரம் வலப்பக்க ஹேமரில் ஒரு கிளையை வெட்டி எடுத்தேன், அந்த வழி அப்படியே இருக்கட்டும் என்று.