மறுவிற்பனையா, சொந்த சர்வரா, வாடகைச் சேமிப்பா?

கிளவுட் பேக்கப் சேவை, அதாவது வாடிக்கையாளரின் டேட்டாவை இணையம் வழியாக நகலெடுத்து வைக்கும் சேவை, தொடங்க நினைக்கும் சிறு நிறுவனத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. வேறொருவரின் ஆயத்த சேவையை வாங்கித் தன் பெயரில் விற்கலாம். சொந்தமாக சர்வர் வாங்கி டேட்டா சென்டரில் வைக்கலாம். பேக்கப் மென்பொருளைத் தானே நடத்திக்கொண்டு, சேமிப்பிடத்தை மட்டும் அமேசான் எஸ்3 போன்ற இடத்தில் வாடகைக்கு எடுக்கலாம். ஒரு டெராபைட்டுக்கு மாதம் எவ்வளவு என்று பார்த்துத்தான் பலரும் முடிவெடுக்கிறார்கள். நான் பார்ப்பது, வாடிக்கையாளர் போன் செய்து "எல்லாம் போச்சு, எப்போ திரும்பக் கிடைக்கும்?" என்று கேட்கும் நாளை.

அந்த நாளில் மறுவிற்பனைக்காரர் பாடு கொஞ்சம் பாவம். திட்டு வாங்குவது இவர், வேலை நடப்பதோ வேறெங்கோ. அசல் நிறுவனத்திடம் புகார் டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். சேவை இத்தனை சதவீத நேரம் இயங்கும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். மீட்டுத் தர எவ்வளவு நேரம் ஆகும் என்று இருக்கிறதா என்பதைத் தேடிப் பாருங்கள். மற்றபடி முதலீடு இல்லை, பராமரிப்புத் தலைவலி இல்லை, ஒரு வாரத்தில் கடை திறந்துவிடலாம்.

சொந்த சர்வரின் பலம் வேகம். 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் ஒரு டெராபைட்டை இறக்க 22 மணி நேரம் ஆகும். 10 டெராபைட் என்றால் ஒன்பது நாள். சர்வர் நம் கையில் இருந்தால் டிஸ்கில் நகலெடுத்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். ஆனால் எல்லாமே நம் கையில் இருப்பதுதான் ஆபத்தும். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2023 ஆகஸ்டில் டென்மார்க்கின் கிளவுட்நார்டிக் என்ற கிளவுட் நிறுவனத்தில் நடந்தது இன்னும் மோசம். சர்வர்களை இடம் மாற்றும்போது, ஏற்கெனவே ரான்சம்வேர் (டேட்டாவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்) புகுந்திருந்த சில சர்வர்கள் உள் நெட்வொர்க்கில் சேர்ந்துவிட்டன. அந்த வழியாக வந்தவர்கள் பேக்கப் அமைப்புகளையும் சேர்த்தே பூட்டிவிட்டார்கள். நிர்வாகம் செய்யும் நெட்வொர்க்கிலிருந்தே பேக்கப்பையும் அழிக்க முடிகிறதென்றால், எத்தனை நகல் வைத்தாலும் கணக்குக்கு ஒன்றுதான்.

வாடகைச் சேமிப்பு ஜெயிப்பது இந்த இடத்தில்தான். எஸ்3-இல் 2018 முதல் ஆப்ஜெக்ட் லாக் வசதி இருக்கிறது. அதன் கம்ப்ளையன்ஸ் முறையில் பூட்டிய நகலை, குறித்த காலம் முடியும்வரை கணக்கின் முழு அதிகாரமும் உள்ள ரூட் பயனர்கூட அழிக்க முடியாது. (முப்பது நாளுக்குப் பதில் தவறி முப்பது வருடம் என்று போட்டுவிட்டால்? முதலில் சோதனைக் கணக்கில் பழகுங்கள்.) தொந்தரவு பில்லில் வரும். உள்ளே போடும்போது மலிவு, வெளியே எடுக்கும்போது டேட்டா கட்டணம். எஸ்3-இன் நீண்டகாலச் சேமிப்பு வகையான கிளேசியர் டீப் ஆர்க்கைவ் விலையைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அங்கிருந்து எடுக்க 12 மணி நேரம் வரை ஆகும், மலிவான முறையில் 48 வரை. 180 நாளுக்கு முன் அழித்தாலும் முழுக் காலத்துக்கும் பணம் கட்ட வேண்டும். பழைய வருடக் கணக்குகளுக்கு அது சரி, நேற்றைய நகலுக்குச் சரிப்படாது.

என்கிரிப்ஷன் சாவி (நகலைப் பூட்டித் திறக்கும் ரகசியக் குறியீடு) யாரிடம் என்பதை மூன்று வழியிலும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரிடம் மட்டும் இருந்து அவர் தொலைத்துவிட்டால், யாராலும் திறக்க முடியாது.

மீட்டுப் பார்க்கும் சோதனையையும் எந்த வழியிலும் தவிர்க்க முடியாது. 2017 ஜனவரியில், மென்பொருள் எழுதுபவர்கள் கோடு வைக்கும் தளமான கிட்லேபில் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டபோதுதான், தினசரி பேக்கப் ஓடவே இல்லை என்பது தெரிந்தது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யார் கண்ணிலும் படாமல் போயிருந்தன. அதனால் "பேக்கப் வெற்றி" என்ற பச்சை டிக்கை நான் நம்புவதில்லை. மாதம் ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் சர்வரை முழுதாக மீட்டு, உள்ளே நுழைந்து பார்த்து, ஆன நேரத்தைக் குறித்து வைக்கிறேன். மேலே கேட்ட "எப்போ கிடைக்கும்?" என்ற கேள்விக்கு அந்தக் குறிப்பிலிருந்துதான் பதில் சொல்கிறேன்.

நான்கைந்து பேர் உள்ள நிறுவனம் என்றால் என் ஓட்டு வாடகைச் சேமிப்புக்கு. பூட்டிய நகல் அங்கே இருக்கட்டும். கடைசி இரண்டு வார நகலை வாடிக்கையாளர் இடத்திலேயே ஒரு சின்ன பெட்டியில் வைத்தால் 22 மணி நேரக் கதை பெரும்பாலும் வராது. மின்னஞ்சல் பேக்கப் மாதிரி வேலைகளுக்கு மறுவிற்பனையே போதும். சொந்த சர்வர் வேண்டுமென்றால் இரண்டு ஊரில் இடமும், இரவு இரண்டு மணிக்கு எழுந்து வர ஆளும் முதலில் தேடுங்கள்.