நேர்த்தியாகக் கட்டிய பாலம்

‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தை மூன்றாவது தடவையாகப் பார்த்து முடித்தேன். 1957இல் வந்த படம், டேவிட் லீன் இயக்கியது, 2 மணி 41 நிமிடம் ஓடும். இந்தத் தடவை ஒரே ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கைதிகளாக வரும் பிரிட்டிஷ் சிப்பாய்களின் தலைவர் கர்னல் நிக்கல்சன் எந்த இடத்தில் தப்புப் பண்ண ஆரம்பிக்கிறார்? ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, இதோ இங்கேதான், இதோ இந்தக் காட்சியில்தான் என்று நிறுத்திக் காட்ட முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. முதல் காட்சியில் முகாமுக்குள் நடந்து வருகிற அதே மனிதர்தான் கடைசியில் ஆற்றுமணலில் ஓடுகிறார், அவருக்குள் எதுவுமே மாறவில்லை. என்னை மிகவும் கலங்கடித்தது இதுதான்.

முடிவு வரைக்கும் பேசப்போகிறேன், அதனால் இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். அவசரமில்லை.

கதை 1943இல், சயாம், அதாவது இன்றைய தாய்லாந்துக் காட்டுக்குள் நடக்கிறது. ஜப்பான்காரர்கள் பர்மாவுக்கு ரயில் பாதை போடுகிறார்கள், நடுவே குவாய் நதிக்கு ஒரு பாலம் வேண்டும். சிங்கப்பூரில் சரணடைந்த பிரிட்டிஷ் படையிலிருந்து ஒரு கூட்டம் கைதிகளாக வந்து சேர்கிறது. பிய்ந்த பூட்ஸும் கிழிந்த சட்டையுமாக, ஆனால் வரிசை குலையாமல், விசில் அடித்துக்கொண்டு வருகிறார்கள். அந்த விசில் மெட்டு, 1914இல் வந்த ‘கர்னல் போகி’ என்ற ராணுவ இசை. படம் பார்க்காதவர்களுக்குக்கூட அது காதில் விழுந்திருக்கும். முகாம் தலைவர் கர்னல் சைட்டோ, அதிகாரிகளும் சிப்பாய்களோடு சேர்ந்து மண் சுமக்க வேண்டும் என்கிறார். நிக்கல்சன் சட்டைப்பையிலிருந்து, போர்க் கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் ஜெனீவா ஒப்பந்தப் புத்தகத்தை எடுத்து நீட்டுகிறார். சைட்டோ அதை வாங்கி அந்தப் புத்தகத்தாலேயே அவர் முகத்தில் அறைகிறார். சட்டப்படி பார்த்தால் நிக்கல்சன் சொல்வது சரி, 1929 ஜெனீவா ஒப்பந்தம் அதிகாரிகளைக் கட்டாய வேலைக்கு அனுப்பக் கூடாது என்றுதான் சொல்கிறது. ஆனால் ஜப்பான் அதில் கையெழுத்துப் போட்டதோடு சரி, முறைப்படி ஏற்று உறுதி செய்யவே இல்லை.

இதிலிருந்து அடுத்த முக்கால் மணி நேரம்தான் என்னைப் பொறுத்தவரை படத்தின் உயிர். தகரப் பெட்டி மாதிரி ஒரு கூண்டில் நிக்கல்சனை வெயிலில் அடைத்து வைக்கிறார்கள். நாள் ஓடுகிறது, பாலம் எழும்பவில்லை. குறித்த தேதிக்குள் முடிக்காவிட்டால் சைட்டோ தன்னைத்தானே மாய்த்துக்கொள்ள வேண்டும், அது அவருடைய மானம். சிப்பாய்களோடு மண் சுமக்க மாட்டேன் என்பது நிக்கல்சனின் மானம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருக்கும் அந்த இரவுக் காட்சியில், சைட்டோ விஸ்கியும் டின்னில் அடைத்த இறைச்சியும் வைத்து உபசரிக்கிறார், தான் லண்டனில் படித்ததைப் பற்றிப் பேசுகிறார். பட்டினி கிடந்து வந்தவர் ஒரு வாய்கூடத் தொடுவதில்லை. கடைசியில் விட்டுக்கொடுப்பது சைட்டோதான். 1905இல் ரஷ்யாவை வென்ற நாள் இன்று, அதனால் மன்னிப்பு என்று ஒரு சாக்குச் சொல்லி அதிகாரிகளை விடுவிக்கிறார். வெளியே கைதிகள் ஆரவாரம் செய்கிறார்கள், உள்ளே சைட்டோ தனியாக உட்கார்ந்து அழுகிறார். எதிரியின் தோல்வியை இவ்வளவு மரியாதையோடு காட்டிய போர்ப் படம் எனக்கு வேறு ஞாபகம் வரவில்லை. நடித்த செஸ்யூ ஹயகவா, பேசாத படக் காலத்திலேயே ஹாலிவுட்டில் பெரிய நட்சத்திரமாக இருந்தவர். வயதான காலத்தில் கிடைத்த இந்த வேஷத்தில், கத்துகிற இடங்களைவிடச் சும்மா இருக்கிற இடங்களில்தான் நம்மைக் கட்டிப்போடுகிறார்.

நிக்கல்சனாக நடித்த அலெக் கின்னஸைப் பற்றி என்ன சொல்ல? கூண்டிலிருந்து வெளியே வந்து சைட்டோவின் குடிசைக்கு நடந்து போகிற அந்த நடை ஒன்று போதும். கால் பின்னுகிறது, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது, ஆனால் முதுகை நிமிர்த்தியே ஆகவேண்டும் என்று ஒரு பிடிவாதம். போலியோவிலிருந்து தேறி வந்த தன் மகனின் நடையை மனதில் வைத்து நடித்ததாகச் சொல்லப்படுவதுண்டு. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் காட்சியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

சரி, பாலத்துக்கு வருவோம்.

ஜெயித்து வெளியே வந்த நிக்கல்சன் தன் ஆட்கள் வேலை செய்கிற லட்சணத்தைப் பார்க்கிறார். வேண்டுமென்றே சொதப்புகிறார்கள், மேலே நிற்க ஒரு பலகையைப் போட்டால் அது ஆற்றில் விழுகிறது, சிரிக்கிறார்கள். நாமாக இருந்தால் சபாஷ் என்போம். அவருக்கு வயிறு எரிகிறது. ஒழுங்கு போய்விட்டது, இவர்கள் சிப்பாய்களாக இல்லாமல் வெறும் கும்பலாகிவிட்டார்கள் என்கிறார். அப்புறம் அவருடைய பொறியாளர்கள் ஆற்றின் அடிமண்ணை ஆராய்ந்து, ஜப்பான்காரர்கள் தேர்ந்தெடுத்த இடமே தப்பு, இன்னும் கீழே தள்ளிக் கட்ட வேண்டும் என்கிறார்கள். ஒரு மேசைக் கூட்டம் நடக்கிறது, அதில் கைதி பேசப் பேச, முகாம் தலைவர் தன் மேசையிலேயே விருந்தாளி மாதிரி தலையாட்டிக்கொண்டு இருக்கிறார். இவர்கள் கையில் பாலம் எழும்ப ஆரம்பிக்கிறது. அழகாக எழும்புகிறது.

நமக்கும் அது பிடித்துப்போகிறது என்பதுதான் விஷயம். செய்யும் தொழிலே தெய்வம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் உறைக்கும். அரைகுறையாகச் செய்கிற வேலை அசிங்கம், எடுத்த வேலையைத் திருத்தமாக முடிக்க வேண்டும் என்பதில் நமக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. யாருக்காகச் செய்கிறோம் என்று நாம் கேட்பது குறைவு. முகாம் டாக்டர் கிளிப்டன் கேட்கிறார். எதிரிக்கு இவ்வளவு நல்ல பாலம் கட்டிக்கொடுப்பது துரோகமாகாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார். அதற்கு நிக்கல்சன், சைட்டோவுக்கு ஆபரேஷன் செய்யவேண்டி வந்தால் நீங்கள் ஒழுங்காகச் செய்வீர்களா, சாகவிடுவீர்களா என்று திருப்பிக் கேட்கிறார். டாக்டரால் பதில் சொல்ல முடியவில்லை. முதல் இரண்டு தடவை பார்த்தபோது என்னாலும் முடியவில்லை. இப்போது யோசித்தால், டாக்டர் முன்னால் படுத்திருப்பவர் ஒரு நோயாளி, அவ்வளவுதான். அந்தப் பாலத்தின் மேல் போகப்போவது துப்பாக்கியும் படையும். ஆனால் இந்தப் பதில் எனக்கே மூன்று தடவை பார்த்து, சோபாவில் சாய்ந்துகொண்டு யோசித்ததால்தான் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் நாள் போதவில்லை. எந்தக் கொள்கைக்காகக் கூண்டில் வெந்தாரோ அதையே எடுத்து ஓரம் வைத்துவிட்டு, அதிகாரிகளைத் தாமாக முன்வந்து வேலை செய்யவைக்கிறார். ஆஸ்பத்திரிக் குடிசைக்குள் போய் நடக்க முடிகிற நோயாளிகளையும் எழுப்பி அழைத்து வருகிறார். சைட்டோ கேட்டபோது உயிரே போனாலும் முடியாது என்றவர், பாலம் கேட்டதும் கொடுத்துவிட்டார். யாரும் இதை வசனமாகச் சொல்வதில்லை, நோயாளிகள் அவர் பின்னால் வரிசையாக நடந்து போவதைக் கிளிப்டன் நின்று பார்க்கிறார், அவ்வளவுதான்.

குறை இல்லாமல் இல்லை. தப்பித்துப்போகும் அமெரிக்கக் கைதி ஷியர்ஸாக வில்லியம் ஹோல்டன் நன்றாகவே நடித்திருக்கிறார், ஆனால் இலங்கையில் ஆஸ்பத்திரி, கடற்கரை, நர்ஸ் என்று போகிற பகுதி சவசவவென்று இருக்கிறது. அந்த இருபது நிமிடத்தில் மனம் முகாமுக்கே ஓடுகிறது. பாலத்தைத் தகர்க்க மேஜர் வார்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரியோடு ஷியர்ஸையும் அனுப்பிய பிறகுதான் திரும்ப வேகம் பிடிக்கிறது. வார்டன் காலில் குண்டு பட்டு நொண்டிக்கொண்டு வரும்போது, என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார். ஷியர்ஸ் வெடித்துவிடுகிறார், நீயும் அந்த நிக்கல்சனும் ஒரே ரகம், எப்படிக் கௌரவமாகச் சாவது என்பதுதான் உங்களுக்குத் தெரியும் என்று. ஹோல்டனுக்குப் படத்திலேயே சிறந்த இடம் இது.

கிளைமாக்ஸை எத்தனை தடவை பார்த்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றில் தண்ணீர் இறங்கிவிடுகிறது, வெடிக்கான ஒயர் மணலில் வெளியே தெரிகிறது. ரயில் சத்தம் தூரத்தில் கேட்கிறது. பாலத்தின் மேலிருந்து அதைக் கவனிப்பது நிக்கல்சன்தான், சைட்டோவைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்து அந்த ஒயரைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவதும் அவர்தான். வெடிக்க வந்த தன் தரப்பு வீரனையே மல்லுக்கட்டிப் பிடிக்கிறார். ஷியர்ஸின் முகத்தைப் பார்த்தபிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைக்கிறது. அதற்குள் குண்டடி பட்டு வெடிப்பொறியின் மேல் விழுகிறார். வேண்டுமென்று விழுந்தாரா, செத்து விழுந்தாரா என்பதை லீன் நமக்குச் சொல்வதில்லை. சொல்லியிருக்கலாம் என்று முதலில் நினைத்தேன், இப்போது அப்படி நினைக்கவில்லை. இலங்கையில் கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல் நிஜமாகவே மரத்தில் கட்டி, நிஜ ரயிலை ஓட்டி, நிஜமாகவே தகர்த்த பாலம் அது. விழும்போது அதன் கனம் தெரிகிறது.

இனி எனக்கிருக்கும் மனத்தாங்கலைச் சொல்ல வேண்டும்.

நிஜத்தில் அந்த ரயில் பாதை சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை சுமார் 415 கிலோமீட்டர், 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். நேச நாட்டுக் கைதிகள் சுமார் 60,000 பேர் வேலை செய்தார்கள், 12,000க்கு மேல் செத்தார்கள். அங்கே பாலம் கட்டிய கைதிகளுக்குத் தலைமை தாங்கிய பிலிப் டூசி என்ற அதிகாரி நிக்கல்சனுக்கு நேர்மாறானவர், தன் ஆட்களின் உயிரைக் காப்பதே அவருக்குக் குறி. படம் அவருக்கு அநியாயம் செய்துவிட்டது என்று அவரோடு இருந்தவர்கள் வருத்தப்பட்டது நியாயம்தான். ஆனால் அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பாதையில் கைதிகளைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஆசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள், சுமார் 2 லட்சம் பேர். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர். அவர்களோடு மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த நம் தமிழர் ஏராளம். முதலில் கூலி தருகிறோம், வீடு தருகிறோம் என்று ஆசை காட்டினார்கள், ஆள் சேரவில்லை என்றதும் பிடித்துக்கொண்டு போனார்கள். மலேசியத் தமிழர்கள் இன்றும் அதைச் சயாம் மரண ரயில் என்றுதான் சொல்கிறார்கள். கைதிகளுக்காவது நிக்கல்சன் சொல்கிற அந்த ஒழுங்கு இருந்தது, அதிகாரிகள் இருந்தார்கள், கிளிப்டன் மாதிரி டாக்டர்கள் இருந்தார்கள். தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு ஒருவரும் இல்லை. காலரா வந்தபோது கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் சுமார் 90,000 பேர் இறந்ததாகச் சொல்வார்கள், அதுவும் மதிப்பீடுதான், யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை.

படத்தில் இவர்களில் ஒருவர்கூட இல்லை. 2 மணி 41 நிமிடத்தில் ஒரு முகம் இல்லை. இதற்காகப் படத்தை வெறுக்க என்னால் முடியவில்லை, ஏனென்றால் ஒரு மனிதனின் வீம்பைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசிய படம் அபூர்வம். ஆனால் மன்னிக்கவும் முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாலம் முடிந்ததும், இதைக் கட்டியது பிரிட்டிஷ் ராணுவம் என்று பெயரும் மாதமும் பொறித்த பலகையை நிக்கல்சன் பாலத்தில் பொருத்தவைப்பார். அந்தத் திரைக்கதையை எழுதிய கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் இருவரின் பெயரும் அப்போது படத்தில் வரவில்லை. கம்யூனிஸ்ட் என்று ஹாலிவுட் ஒதுக்கிவைத்த காலம் அது. மூலநாவலை எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூலின் பெயரில் ஆஸ்கர் போனது. படம் வாங்கிய 7 ஆஸ்கரில் அதுவும் ஒன்று. 1984இல்தான் அதை அவர்கள் பெயருக்கு மாற்றினார்கள், அப்போது இரண்டு பேருமே உயிரோடு இல்லை.

பார்ப்பதானால் பெரிய திரையில் பாருங்கள், போனில் வேண்டாம், அந்தக் காடும் ஆறும் போனில் அடங்காது. இடையில் எழுந்து போகவேண்டி இருந்தால் கடற்கரைப் பகுதியில் எழுந்து போங்கள், மேசைக் கூட்டத்தில் வேண்டாம். அப்புறம், படம் ஆரம்பிக்கும்போது ரயில் பாதை ஓரமாக, காட்டுக்குள், வரிசையாகச் சிலுவைகள் நட்ட குழிமேடுகள் வரும். நான் இந்தத் தடவை அங்கேதான் ரிமோட்டை அழுத்தி நிறுத்தினேன், சிலுவை இல்லாமல் புதைத்த இடங்கள் அந்தப் பச்சைக்குள் எங்கே இருக்கும் என்று தேடிக்கொண்டு.