மரக்காலை விமர்சனம்: கணக்கு சுத்தம், மரம்தான் ஈரம்

வீட்டோடு ஒரு பத்தி (சாய்ப்பு) இறக்கவும் உள்ளே சாமான் வைக்கத் தட்டு அடிக்கவும் ஹட்டன் பக்கத்து மரக்காலை ஒன்றில் மரம் எடுத்தோம். குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம்.

கணக்கில் ஒளிவுமறைவே இல்லை. பலகை கன அடியில்தான் விற்பனை. தடிப்பையும் அகலத்தையும் அங்குலத்திலும் நீளத்தை அடியிலும் வைத்துப் பெருக்கி 144ஆல் வகுக்க வேண்டும், அதாவது 1 அங்குலத் தடிப்பு, 8 அங்குல அகலம், 9 அடி நீளம் என்றால் சரியாக அரைக் கன அடி. பில் போடும் ஐயா இதைப் பலகைக்குப் பலகை துண்டில் எழுதியே தருகிறார். காசு அறுத்த அளவுக்கு. சீவி வந்தால் ஒரு அங்குலம் முக்கால் அங்குலம் ஆகிவிடும், அதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள்.

யூடியூப் பார்த்து வேலை செய்கிறவர்கள் கவனம். அமெரிக்காக்காரர் சொல்லும் 2×4 கையில் 1½×3½ அங்குலம்தான், அவர்கள் பலகை அளக்கும் போர்ட் ஃபுட் நம்ம கன அடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு வரைந்ததை வைத்துக்கொண்டு இங்கே சீவாத 4×2 வாங்கினால் மூட்டுக்கு மூட்டு அரை அங்குலம் உதைக்கும்.

சரி, குறைக்கு வருகிறேன். "காய்ந்த மரம்தான் தம்பி" என்றார் அங்கே நின்ற அண்ணன். வெட்டு முகத்தில் விரல் வைத்தால் சில்லென்று ஈரம்! நம்ம ஊர் மழையிலும் மூடுபனியிலும், காற்றுப் போகப் பலகைகளுக்கு நடுவே சலாகைக் குச்சி கொடுத்து அடுக்கினாலே மெதுவாகத்தான் காயும், இவர்களோ சவுக்கு மரம், டர்பன்டைன் மரம் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். தட்டுக்கு எடுத்த அகலப் பலகைகள் அடுப்படிச் சூட்டில் ஓடு மாதிரிக் குழிந்துவிட்டன.

அப்புறம் அந்தப் பைனஸ் (பைன் மரம்) பெட்டிப் பலகை, சரக்குப் பெட்டி பிரித்தது. "ட்ரீட் பண்ணினது, கறையான் தொடாது" என்கிறார்கள். அதிலுள்ள எச்டி (HT) முத்திரைக்கு அர்த்தம், மரத்தின் நடுப்பகுதிவரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியது என்பதுதான். நாடு விட்டு நாடு பூச்சி போகாமல் இருக்கச் செய்வது, நம்ம வீட்டுக் கறையானுக்கு அது மருந்தே இல்லை. எம்பி (MB) என்று இருந்தால் மெதில் புரோமைட் புகை போட்டது, அதை நான் வீட்டுக்குள் எடுக்க மாட்டேன்.

கைமரம், சலாகை என்றால் தாராளமாகப் போகலாம். தட்டு, கதவு வேலைக்கு என்றால் தச்சு பாஸையும் கூட்டிப்போய், நேராக இருக்கிறதா என்று பலகையின் ஓரத்தை ஒரு கண்ணால் பார்த்து, வைரம் (மரத்தின் நடுவிலுள்ள கெட்டிப் பகுதி) உள்ளதாகப் பொறுக்குங்கள்; வெள்ளைப் பகுதிதான் முதலில் உளுத்துப்போகும். லொறி அவர்களே தருவார்கள், ஏற்றுக்கூலி தனி.