பச்சை விளக்கை நம்பிய கதை: யுபிஎஸ் பேட்டரியும் ரெக்கவரி பென் டிரைவும்

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டு முன்னறைதான் எனக்கு ஆபீஸ். அம்பை, கல்லிடை, வீரவநல்லூர் பக்கத்து இரும்புக்கடை, டைல்ஸ் கடை, டிராக்டர் உதிரிபாகக் கடைக்காரர்களுக்கு டேலியில் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். (ஊருக்கே பேர் வாங்கித் தந்த அப்பளத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதனால் அப்பளம் போடுகிறவர்கள் என் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.) ரிட்டர்னுக்குக் கடைசி நாளான மாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கரண்டு போகக்கூடாது, கம்ப்யூட்டர் மக்கர் பண்ணக்கூடாது. இரண்டும் ஒரே வாரத்தில் நடந்த பிறகு கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் வாங்கியது 2018 ஜனவரி. கூடவே 600 விஏ யுபிஎஸ் ஒன்று. அதற்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரி. வாங்கிய வாரமே, விண்டோஸ் எழாமல் போனால் சரிசெய்ய உதவும் ரெக்கவரி டிரைவையும் ஒரு பென் டிரைவில் போட்டு, மேஜை டிராயரில் வைத்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் முன்ஜாக்கிரதை முத்தம்மாள் என்று கேலி செய்தார்கள். யுபிஎஸ்ஸில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, டிராயரில் பென் டிரைவ் கிடந்தது. மூன்று வருஷம் அந்த இரண்டையும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

2021இல் ஒரு நாள், அன்று தேதி 19. மின்வாரியத்தின் பராமரிப்புப் பணி, காலை 9 முதல் மதியம் 2 வரை கரண்டு இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். பாபநாசத்தில் 1944லேயே தண்ணீரில் கரண்டு எடுத்த சீமை இது. ஆனாலும் பராமரிப்பு என்றால் பராமரிப்புதான். யுபிஎஸ் எப்படியும் கால் மணி நேரம் தாங்கும், அதற்குள் சேமித்துவிட்டு எழுந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு உட்கார்ந்திருந்தேன். 9 மணி அடித்தது. யுபிஎஸ் ஒரே ஒரு முறை கீச்சென்றது. அவ்வளவுதான், எல்லாம் அணைந்தது.

2 மணிக்குக் கரண்டு வந்து சுவிட்சைப் போட்டால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. தேதியும் நேரமும் சரியில்லை, எஃப்1 அழுத்து என்றது. அழுத்தினேன். அடுத்து, பூட் ஆக டிஸ்க்கே இல்லை என்றது. சரி, இதற்குத்தானே ரெக்கவரி டிரைவ் என்று பென் டிரைவைச் செருகி, எஃப்12 அழுத்தி, பூட் மெனுவில் தேர்ந்தெடுத்தேன். ஒன்றும் வரவில்லை. பக்கத்து லேப்டாப்பில் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கார் பிளேயரில் போடுவதற்காக என் பையன் அதிலிருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் பாட்டு ஏற்றி வைத்திருக்கிறான். கேட்டால், "என்னம்மோ தெரியாத ஃபைலா கெடந்துச்சும்மா" என்கிறான்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். திரையைப் பார்த்த மாத்திரத்தில், டிஸ்க் போய்விட்டது, புதுசு போட்டு விண்டோஸ் ஏற்ற வேண்டும், உள்ளே இருந்த கணக்குக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். ஸ்க்ரூகூடக் கழற்றவில்லை. எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. திரும்பத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்த அத்தை, "ஏட்டி, கைப்பிள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு அலையுத மாதிரில்லா அலையுத" என்றார்.

மறுநாள் காலை, ஆற்றுக்கு அந்தப் பக்கம், அம்பையில் டிவி ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் போனேன். அவர் முதலில் கேட்டதே, "தங்கச்சி, மொதல்ல வந்த எழுத்தப் படிச்சியளா?" என்றுதான். தேதி தப்பு என்று வந்ததைச் சொன்னேன். மதர்போர்டிலிருந்து காசு மாதிரி இருந்த சின்ன பேட்டரியை நெம்பி எடுத்து மீட்டர் வைத்தார். 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2.1. சி.ஆர். 2032 என்ற அந்தப் பொத்தான் பேட்டரியை மாற்றி, பயாஸுக்குள் (விண்டோஸ் எழுவதற்கு முன்பே வரும் அமைப்புத் திரை) போய்த் தேதியைத் திருத்தி, லெகசி என்ற பழைய வகைக்கு மாறிக் கிடந்த பூட் முறையை மறுபடி யுஇஎஃப்ஐ என்ற புது வகைக்கே மாற்றினார். பூட் முறை மாறிக் கிடந்ததால்தான் டிஸ்க்கே இல்லை என்றிருக்கிறது. விண்டோஸ் எப்போதும் போல எழுந்து வந்தது. பேட்டரிக்கு மட்டும் 40 ரூபாய் வாங்கிக்கொண்டார். அன்று 20. சாயங்காலத்துக்குள் எல்லா ரிட்டர்னையும் போட்டு முடித்தேன்.

ஏன் சரியாக அன்றைக்குப் போனது என்பதற்கும் அண்ணாச்சியே விளக்கம் சொன்னார். சுவரில் பிளக் செருகி இருக்கும்வரை, கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை) வழியாகக் கொஞ்சம் கரண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். தேதியையும் அமைப்புகளையும் காப்பாற்ற அதுவே போதும், பொத்தான் பேட்டரிக்கு வேலை வராது. ஐந்து மணி நேரம் சுவரிலும் கரண்டு இல்லை, யுபிஎஸ்ஸும் செத்துவிட்டது என்றான நாளில் அந்தச் சின்னதுதான் தனியாகத் தாங்க வேண்டியிருந்தது. அது எப்போதோ சோர்ந்து போயிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. கடிகாரம் அடிக்கடி பின்னால் போனாலோ, தேதி தப்பாகி எந்த இணையதளமும் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுத்தாலோ, முதலில் இந்தப் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். டிஸ்க்கைப் பழி சொல்வது அப்புறம்.

இனி யுபிஎஸ் பேட்டரி. பச்சை விளக்குக்கு அர்த்தம், சுவரிலிருந்து கரண்டு வருகிறது என்பது மட்டும்தான். பேட்டரியில் சத்து இருக்கிறதா என்று அது சொல்லாது. மீட்டரும் ஏமாற்றும். செத்துப்போன என் பேட்டரியை வெளியே எடுத்து மீட்டர் வைத்தால் 12.6 காட்டியது. ஒரு பல்பை மாட்டியதும் ஒரே சரிவாக 10க்குக் கீழே வந்துவிட்டது. பாரம் ஏற்றிப் பார்க்காமல் பேட்டரியைப் பற்றி எதுவும் பேசக்கூடாது என்று அன்றைக்குப் புரிந்தது.

இரண்டாவது பேட்டரியில் வேறு விதமாக ஏமாந்தேன். விலை குறைவு என்று ஒரு கடையில் வாங்கியது பதினாலு மாதத்தில் போய்விட்டது. ஈய அமில பேட்டரி சும்மா இருந்தாலும் மெதுவாகச் சார்ஜ் இழக்கும். சார்ஜ் ஏற்றாமல் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், பிறகு என்ன சார்ஜ் போட்டாலும் பழைய பலம் திரும்பாது. நான் வாங்கியதன் முதுகில் அச்சிட்டிருந்த தேதியைப் படித்தால், ஒன்றேகால் வருஷம் கடையிலேயே தூங்கியிருக்கிறது. இப்போது தேதி பார்க்காமல் நான் பேட்டரியைக் கையில் தொடுவதில்லை. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இன்னொரு தப்பு முழுக்க முழுக்க என்னுடையது. யுபிஎஸ்ஸை மேற்குப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வைத்திருந்தேன். சித்திரை வெயில் மத்தியானம் முழுக்க அதன் தலையில்தான் இறங்கும். இந்த பேட்டரிகளின் ஆயுளை 25 டிகிரியில்தான் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. நம் ஊரில் 25 டிகிரி என்பதே குற்றாலச் சாரல் இந்தப் பக்கம் அடிக்கும் நாலு நாள்தானே! 2022 கடைசியில் மூன்றாவது பேட்டரி வாங்கியபோது, யுபிஎஸ்ஸை உள்சுவர்ப் பக்கம் நகர்த்தி, சுற்றிலும் காற்று போக இடம் விட்டேன். அந்த பேட்டரி மூன்று வருஷம் தாண்டி இன்னும் ஓடுகிறது.

எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்பவர்களுக்கு: 12ஐ 7ஆல் பெருக்கினால் 84 வாட் அவர். என் பெட்டியும் மானிட்டரும் சேர்ந்து சுமார் 100 வாட் இழுக்கும். அப்படியானால் 50 நிமிஷம் வர வேண்டுமே என்று தோன்றும். வராது. அந்த 7 என்பது 20 மணி நேரம் மெதுவாக இழுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக இழுத்தால் பேட்டரி கொடுப்பதே குறைந்துவிடும், யுபிஎஸ்ஸும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். எனக்குப் புது பேட்டரியில் கிடைத்தது 22 நிமிஷம். லேசர் பிரிண்டரை மட்டும் யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள், சூடேறும்போது அது இழுக்கிற இழுப்பில் யுபிஎஸ் படுத்துவிடும்.

அந்த வருஷமே வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கும் ஒரு லைன் இழுத்தோம். 150 ஆம்பியர் அவர் டியூப்ளர் பேட்டரி. அது வந்த பிறகும் கரண்டு போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ஒரு முறை ரீஸ்டார்ட் ஆனது. இன்வெர்ட்டரின் பின்னால் இருந்த சின்ன சுவிட்ச் நார்மலில் இருந்ததுதான் காரணம். மின்விசிறிக்கு அது போதும், கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் பக்கம் தள்ள வேண்டும். அப்போதுதான் கண்ணிமைப்பதற்குள் மாறும். ஒரு சங்கடம் உண்டு. யுபிஎஸ் பக்கம் இருந்தால் சாயங்கால லோ வோல்டேஜுக்கும் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். எங்கள் தெருவில் அது தினசரி நடக்கிறது.

அந்த பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதில் அத்தைக்கும் எனக்கும் பெரிய வழக்கு. "தாமிரபரணித் தண்ணிய விட நல்ல தண்ணி எங்கன இருக்கு?" என்பது அவர் கட்சி. குடிக்க அதுதான் அமிர்தம், மறுக்கவில்லை. ஆனால் அதிலுள்ள உப்புகள் தகட்டைக் கெடுக்கும். ஆர்ஓ தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு தங்கியிருக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. மிதவை சிவப்பு வரும்வரை காத்திருக்காமல் மூன்று மாதத்துக்கு ஒரு தரம், கோடையில் அதற்கும் முன்பே பார்த்துவிடுகிறேன். முனையில் வெள்ளையாகப் பூத்தால் இன்வெர்ட்டரை அணைத்து, வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, வாஸ்லின் தடவினால் போதும்.

பென் டிரைவ் கதைக்கு வருகிறேன். புதிதாக ரெக்கவரி டிரைவ் போடும்போது இரண்டு முறை பாதியில் நின்றது. திருவிழாக் கடையில் வாங்கிய 64 ஜிபி பென் டிரைவ். உள்ளே உண்மையில் 8 கூட இல்லை. நல்லதாக 32 ஜிபி ஒன்று வாங்கிப் போட்டதும் ஒரே தடவையில் முடிந்தது. போடும்போது, சிஸ்டம் ஃபைல்களையும் சேர்க்கவா என்று ஒரு டிக் பெட்டி வரும். அதை எடுத்துவிட்டால் சீக்கிரம் முடியும், ஆனால் ரிப்பேர் கருவிகள் மட்டும்தான் கிடைக்கும், அதிலிருந்து விண்டோஸைத் திரும்ப நிறுவ முடியாது. டிக் போட்டால் 16 ஜிபியாவது வேண்டும், நேரமும் மணிக்கணக்கில் ஆகும். பென் டிரைவில் முன்பிருந்தது எல்லாம் அழிந்துபோகும். உங்கள் சொந்த ஃபைல் ஒன்றுகூட அதில் ஏறாது. இந்தக் கடைசி விஷயம் தெரியாமல் நிம்மதியாக இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் எனக்குக் கைகொடுத்தது பென் டிரைவும் இல்லை, பேட்டரியும் இல்லை. தெரு இருண்டு கிடந்தது, போனில் சிக்னல் இல்லை, இன்வெர்ட்டரை மின்விசிறிக்குக்கூட போடாமல் போன் சார்ஜுக்கு மட்டும் வைத்திருந்தோம். டேலி டேட்டாவை வாராவாரம் ஏற்றும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பரணில் போட்டிருந்தேன். அது அங்கே இருக்கிறது என்ற தைரியத்தில்தான் தூங்கினேன். 20ஆம் தேதி போட வேண்டிய 3பி ரிட்டர்னுக்கு நம் மாவட்டத்துக்கு அப்புறம் ஜனவரி 10 வரை தவணை கொடுத்தார்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. என் பழைய பெட்டி விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை என்றதால் லேப்டாப் வாங்கிவிட்டேன். அதற்கும் ரெக்கவரி டிரைவ் போட்டு, சோதிக்கலாம் என்று பூட் செய்து ரிப்பேருக்குள் போனால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவியைக் கேட்கிறது! நான் எதையும் பூட்டியதாக நினைவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தபோது, முதல்முறை கணக்கைச் சேர்த்த அன்றே தானாகப் பூட்டிச் சாவியை அங்கே வைத்திருந்தது தெரிந்தது. இப்போது அதைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அதே பக்கத்தில் இன்னொரு கணக்கும் ஓடுகிறது. பேப்பரில் மின்தடை அறிவிப்பு வந்தால், முந்தின நாள் பென் டிரைவில் ஒரு தரம் பூட் செய்து, ரிப்பேர் மெனு வருகிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வருவேன். மறுநாள் காலை வேலையைச் சேமித்துவிட்டு, இன்வெர்ட்டர் லைனைக் கழற்றி, பழைய பெட்டியை யுபிஎஸ்ஸில் மட்டும் ஓடவிட்டு, அது அணையும்வரை நேரம் பார்ப்பேன். 22, 21, 21, 19, 17. போன முறை 14. பத்துக்கு வந்ததும் மாற்றிவிடுவேன். பழையதைக் குப்பையில் போடாமல் கடையிலேயே கொடுத்தால் ஈயத்துக்கென்று கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். பென் டிரைவில் சிவப்புக் கயிறு கட்டி யுபிஎஸ்ஸோடு முடிச்சுப் போட்டிருக்கிறேன். பையன் இப்போது பாட்டெல்லாம் போனிலேயே கேட்கிறான், ஆனாலும் முடிச்சை அவிழ்க்கவில்லை.