வௌவாலைக் கையும் களவுமாகப் பிடிக்க வாங்கிய கேமரா

இணையக் கடையில் 239 மலேசிய வெள்ளி. எட்டு பேட்டரி, எஸ்டி கார்டு எல்லாம் சேர்ந்து 300-ஐத் தொட்டுவிட்டது. மரத்தில் வாரால் கட்டிவிட்டு வந்தால், எதிரே சூடான உடம்பு ஏதாவது அசையும்போது தானே படம் பிடிக்கிற வகை. இதே கேமராவை நாலைந்து பெயர்களில் விற்கிறார்கள், அதனால் பெயரைப் பார்த்து வாங்க வேண்டியதில்லை. பத்து மாதம் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன்.

இடம் பினாங்கு பாலிக் பூலாவ் சரிவில் மாமனாரின் மூன்று ஏக்கர். முப்பத்திரண்டு டுரியான் மரம், கொஞ்சம் ஜாதிக்காய், பதினான்கு ஆடு, எண்ணிக்கையில் அடங்காத கோழி. வார நாட்களில் எனக்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. சனிக்கிழமை துன் சார்டோன் சடக்கில் ஏறி இறங்கினால் தோட்டம்.

தைப்பூச வெயிலில் மொட்டு வைத்த மரங்கள் மார்ச்சில் பூத்தன. காலையில் மரத்தடி முழுக்க இதழும் மகரந்தக் காம்பும் வெள்ளைப் பாய் விரித்த மாதிரி கிடக்கும். "வௌவால்தான் மாப்பிள்ளை. ராத்திரி வந்து கடித்துப் போட்டுவிட்டுப் போகுது" என்றார் மாமா. கிளைகளுக்கு நடுவே கட்ட நைலான் வலையும் வாங்கி வைத்துவிட்டார். ஒரு வாரம் பொறுங்கள் மாமா என்று சொல்லித்தான் கேமராவைக் கட்டினேன்.

முதல் வாரம் 412 படம். அத்தனையிலும் வாழை இலை. வெயிலில் சூடேறிய இலை காற்றில் ஆடினாலே இது விழித்துக்கொள்ளும். இதற்கு நேர்மாறாக, நண்பகலில் சுற்றியுள்ள பாறையும் மண்ணும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடுவதால், எதிரே குரங்கு நடந்து போனாலும் கண்டுகொள்ளாது. நம் ஊர் வெயிலுக்கு இது இரவு வேலைக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஏணி போட்டு, தாழ்ந்த கிளையில் ஒரு பூங்கொத்துக்கு எதிரே கட்டினேன். வௌவாலின் வேகத்துக்கு இந்த உணரி ஈடுகொடுக்கவில்லை. வந்து போன பிறகு வெறும் கிளையைப் படம் பிடிக்கிறது. அதனால் இரவு ஏழு மணியிலிருந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று நேரம் குறித்து வைத்தேன். பேட்டரி மூன்றே இரவில் காலி. கிட்டத்தில் கேமராவின் இரவு விளக்கு அதிகமாகி, பூவெல்லாம் குண்டு பல்பு மாதிரி வெளுத்துப் போயின. காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பட்டையை விளக்கின்மேல் ஒட்டியதும் சரியானது.

இரவு 8:17. கையகல வௌவால் ஒன்று கொத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிறது. மூஞ்சி முழுக்கப் பூவுக்குள். 8:18 படத்தில் வௌவால் இல்லை, பூ அப்படியே இருக்கிறது, ஓர் இதழ் கூடக் குறையவில்லை. இப்படிப் பதினோரு வருகை. நள்ளிரவுக்குப் பிறகு எந்த உயிரும் இல்லாத படங்களில்தான் பூக்கள் தாமாகக் கொட்டத் தொடங்குகின்றன. டுரியான் பூவுக்கு ஆயுள் ஒரே இரவு, அதற்குள் மகரந்தம் மரம் விட்டு மரம் போயாக வேண்டும். தியோமான் தீவில் இதே மாதிரி கேமராக்களை வைத்து நடத்திய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. பெரிய பழந்தின்னி வௌவால்களும் பூவைக் கெடுக்காமல் காய்ப்பைக் கூட்டுகின்றன என்பதே அதன் முடிவு. தேன் குடிக்கும் சின்ன வௌவால்களில் சில குகைகளில் தங்கி, ஒரே இரவில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் பறந்து இரை தேடக்கூடியவை. டுரியான் பூக்காத மாதங்களில் சதுப்பு நிலத்துப் பெரெம்பாங் மரத்தின் பூவும் அவற்றுக்குச் சாப்பாடு. கடலோரச் சதுப்பை மூடினால் மலைமேல் காய் குறையும் என்பது இதைப் படிக்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

பூவை உண்மையில் கடித்தவர் காலை 7:34-க்கு வாலைத் தூக்கிக்கொண்டு வந்தார். அணில்.

மாமா கைப்பேசியில் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அந்த வலை இப்போது கோழிக்கூண்டைச் சுற்றி இருக்கிறது.

ஜூலையில் பழம் விழும்போது இரவுப் படங்களில் காட்டுப்பன்றியும் மரநாயும். இதற்கு ஏணியெல்லாம் வேண்டாம், முழங்கால் உயரத்தில் கட்டினால் போதும்.

குறைகளுக்கு வருகிறேன். செப்டம்பர் மழையில் கண்ணாடிக்குள் ஆவி படிந்து இரண்டு வாரப் படம் வீண். விற்றவரிடம் கேட்டால் "துடைத்துப் பாருங்கள்" என்று ஒரே வரியில் பதில். உள்பக்கத்தை எப்படித் துடைப்பதாம்? சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டைப் பேட்டரி பக்கத்தில் திணித்த பிறகு பரவாயில்லை. அக்டோபரில் மூடியைத் திறந்தால் உள்ளே சிற்றெறும்புக் குடித்தனம். பேட்டரி வரிசை மேல் அரிசிக் குருணை கொட்டிய மாதிரி வெள்ளை முட்டை. வாரில் கிரீஸ் தடவுங்கள், கேபிள் நுழையும் துளையை மெழுகால் அடையுங்கள்.

வாங்குவதானால் கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்குள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். என்னுடையது 850, இருட்டில் மங்கலாகச் சிவக்கிறது. மரநாய் படங்கள் எல்லாவற்றிலும் அது கேமராவைத்தான் முறைத்துக்கொண்டு நிற்கிறது.