ரோமா, பொம்பெயியா? ஃபோரம் பார்க்க ஒரே நாள் இருந்தால்

சென்ற ஜூன் மாதம் ரோம் நகரத்து ஃபோரத்தையும் பொம்பெயி ஃபோரத்தையும் அடுத்தடுத்த நாள்களில் பார்த்தேன். இரண்டுமே பண்டைய ரோமானியர் கூடிய பொதுச் சதுக்கங்கள். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவரிடம் தயங்காமல் பொம்பெயி என்பேன்.

போக்குவரத்தில் ரோம்தான் எளிது. ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது, கொலோசியம் டிக்கெட்டிலேயே இதையும் பாலடைன் குன்றையும் பார்த்துவிடலாம். பொம்பெயிக்கு நேப்பிள்ஸிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் போல ஆகும். ஆனால் நிலையத்தை ஒட்டியே நுழைவாயில், அங்கிருந்து ஃபோரம் சில நிமிட நடைதான். வெயில் இரண்டு இடத்திலும் கொடுமை. குளிர்காலத்தில் நான் போனதில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு: கண்ணெதிரே இருப்பது என்னவென்று விளங்குகிறதா?

ரோமில் ஆயிரம் ஆண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. சாட்டர்ன் கோயிலின் 8 தூண்கள், கி.பி. 203ஆம் ஆண்டின் செவரஸ் வளைவு, 608இல் நிறுவிய ஃபோகாஸ் தூண் எல்லாம் கூப்பிடு தூரத்தில். தேவாலயமாக மாறிய அந்தோனினஸ் கோயிலின் கதவு தரைக்கு எட்டாத உயரத்தில் தொங்குகிறது. அது வைக்கப்பட்டபோது மண் அவ்வளவு உயரம் மூடியிருந்தது. அருமையான காட்சிதான். ஆனால் படித்துவிட்டுப் போகாதவருக்கு வெறும் கல்லும் தூணுமாகவே தெரியும்.

பொம்பெயி கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்தது. அதற்குப் பிறகு அதன்மேல் புதிய நகரம் எதுவும் எழவில்லை. 62ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் சேதங்களைச் சரிசெய்யும் வேலைகூட அப்போது முடிந்திருக்கவில்லை. வண்டிகள் சதுக்கத்துக்குள் வராதபடி தெருமுனையில் நட்ட கற்கள் இன்றும் நிற்கின்றன. சந்தைக் கட்டடத்தின் வாய்க்காலில் மீன் செதில்கள் கிடைத்தனவாம். என்னை நெடுநேரம் நிறுத்தியது மேற்குப் பக்கத்து அளவைக் கல். தானியம் அளக்க அதில் குழிகள். அளந்ததை வடித்தெடுக்க அடியில் துளை. முதலில் ரோமானியருக்கு முன்பு அங்கே வழங்கிய ஆஸ்கன் மக்களின் அளவுகளுக்கு வெட்டியிருந்தார்கள். பிறகு ரோமானிய அளவுக்குக் குழிகளைப் பெரிதாக்கி, பழைய பெயர்களைச் செதுக்கி அழித்துவிட்டார்கள். ஒரு பேரரசு சிற்றூரின் கடைத்தெருவுக்குள் நுழைந்த கதையை அந்தக் கல்லே சொல்லிவிடுகிறது. அங்கிருப்பது நகல், மூலக் கல்லை நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நிமிர்ந்தால் ஜூபிடர் கோயிலுக்குப் பின்னால், ஊரைப் புதைத்த அந்த வெசுவியஸ் எரிமலை.

ரோம்தான் என்று முடிவெடுத்தவர்கள், உள்ளே இறங்கும் முன் கேபிடோலின் குன்றின் பின்புறம் போய் நில்லுங்கள். முழு ஃபோரமும் கட்டணமின்றிக் காலடியில் தெரியும். இரண்டு மணி நேரம் கீழே அலைந்த பிறகே நான் அங்கே ஏறினேன். ஃபோரத்தின் ஊடே செல்லும் பண்டைய முதன்மைத் தெருவான புனிதச் சாலை எங்கே தொடங்கி எங்கே போகிறது என்பது அப்போதுதான் பிடிபட்டது.