1969 மெட்ஸ் அட்டைகள் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

நியூயார்க் மெட்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணியின் 1969 அட்டைகளை, அதாவது வீரர்களின் படம் போட்ட, சேகரிப்பவர்கள் வாங்கும் அட்டைகளைத் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். போன மாதம் நான் 450 டாலரை இழந்தேன்.

1962-இல் 120 ஆட்டங்கள் தோற்ற அணி, ஏழே வருடத்தில் 100 ஆட்டங்களை ஜெயித்து, பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் பால்டிமோர் ஓரியோல்ஸை 4-1 என்று வீழ்த்தியது. அந்த சீசன் என்றால் எனக்கு உயிர். அந்த வருடம் டாப்ஸ் என்ற நிறுவனம் வெளியிட்ட 664 அட்டைகளில் மெட்ஸ் வீரர்களை மட்டும் நான்கு வருடமாகச் சேர்த்து வந்தேன். பாக்கி இரண்டுதான்: 480-ஆம் எண் டாம் சீவர், 533-ஆம் எண் நோலன் ரயன். ரயன் 27 சீசன் ஆடியும் உலகத் தொடரில் பந்து வீசியது 1969-இன் மூன்றாவது ஆட்டத்தில் மட்டும்தான். அதனால் அந்த அட்டை மேல் எனக்குத் தனி ஆசை.

நியூஜெர்சியில் நடந்த ஓர் அட்டைச் சந்தையில் இரண்டும் ஒரே ஆளிடம் கிடைத்தன. ரயனின் நான்கு மூலைகளும் ஊசி மாதிரி இருந்தன. அதைப் பார்த்துத்தான் மயங்கினேன். ஐம்பது வருடத்துக்கும் மேலான அட்டைக்கு மூலை எப்படி அவ்வளவு கூர்மையாக இருக்கும் என்று அங்கேயே யோசித்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து, என்னிடம் ஏற்கெனவே இருந்த, அதே வருடத்து மெட்ஸ் வீரர் ஜெர்ரி கூஸ்மன் அட்டையை ரயன் மேல் வைத்தேன். மேலே மெல்லிய கோடாகக் கூஸ்மன் எட்டிப் பார்த்தார். இந்த அட்டைகளின் அளவு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். தொழிற்சாலை வெட்டிலேயே இழையளவு வித்தியாசம் வரும், அது சகஜம். ஆனால் இதில் மூன்று ஓரங்கள் பழுத்துச் சொரசொரப்பாக இருக்க, மேல் ஓரம் மட்டும் வெள்ளையாக, வழவழவென்று இருந்தது. தேய்ந்த மூலையை மறைக்க ஓரத்தைச் சீவியிருக்கிறார்கள். அட்டையின் தரத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் பி.எஸ்.ஏ. மாதிரி கிரேடிங் நிறுவனங்கள் இப்படி ட்ரிம் செய்த அட்டைக்கு மதிப்பெண் போடாமலே திருப்பி அனுப்பிவிடும்.

சீவர் அதைவிட மோசம், முழு ரீப்ரிண்ட், அதாவது பின்னாளில் அச்சடித்த நகல். பூதக்கண்ணாடியில் பார்த்தால் பின்பக்க எழுத்துகள் எல்லாம் பொடிப் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கின்றன. கூஸ்மனின் பின்பக்கத்தில் அதே எழுத்து ஒரே மையில் அழுத்தமாக நிற்கிறது.

அந்த ஆளுக்கு போன் செய்தேன். "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்றார். அப்புறம் என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார். கட்டணம் மிச்சமாகும் என்று அவர் சொன்னதை நம்பி, நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் ஆப் வழியாகப் பணம் அனுப்பியிருந்தேன். அந்த முறைக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. புகார் கொடுத்தும் பணம் வரவில்லை.

சந்தைக்குப் போகும்போது அதே வருடத்து அட்டை ஒன்றையும், மலிவான ஒரு பூதக்கண்ணாடியையும் கையோடு கொண்டு போங்கள். தபாலில் வாங்குவதாக இருந்தால், பக்கத்தில் அளவுகோல் வைத்து நான்கு ஓரங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். 1969 ரயன் இன்னொன்று கட்டாயம் விற்பனைக்கு வரும்.